ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஃப்ரீசரில் என்ன வைக்கலாம்? வீடு வந்து சேரவே ஏழே முக்கால் ஆகிவிடுகிறது

அம்பத்தூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

கிண்டியில ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். வீடு அம்பத்தூர். வந்து சேர ஏழே முக்கால் ஆயிடும், மாசக் கடைசின்னா எட்டரை. வீட்டுக்காரருக்கு ஒரகடத்துல ஷிப்ட் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பெரியவ ஏழாவது படிக்கிறா, சின்னவன் ரெண்டாவது. இத்தனை நாள் அத்தை கூட இருந்ததால ராத்திரிச் சமையலைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ரெண்டு பேரும் ஊர்லயே இருக்காங்க. அப்புறம் வாரத்துல மூணு நாள் வெளியில வாங்குறதுன்னு ஆகிப்போச்சு. போன வாரம் பரோட்டா வந்து சேர்றதுக்குள்ள சின்னவன் சோபாவுலயே தூங்கிட்டான். எழுப்பி உட்கார வச்சு ஊட்டினேன், பாதி வாயிலயே வச்சுக்கிட்டு மறுபடி தூங்கிட்டான். மறுநாள் ஆபீஸ்ல உட்கார்ந்து எனக்கு வேலையே ஓடல.

அதனால ஞாயித்துக்கிழமை சமைச்சு ஃப்ரீசர்ல வச்சிடலாம்னு இறங்கினேன். உருளைக்கிழங்கு குருமா, மோர்க்குழம்பு, சாம்பார் மூணும் டப்பா டப்பாவா வச்சேன். புதன்கிழமை எடுத்தா குருமாவுல தேங்காய் தனியா தண்ணி தனியா நிக்குது. உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி, கடிச்சா தண்ணி வருது. மோர்க்குழம்பு திரிஞ்சே போச்சு. சாம்பார் பரவாயில்ல, ஆனா டப்பாவுல இருந்த கட்டி உருகவே முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுக்குப் புதுசாவே வச்சிருக்கலாம்.

எங்ககிட்ட இருக்கிறது 260 லிட்டர் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. என்னென்ன வச்சா கெடாம இருக்கும், எத்தனை நாள் வைக்கலாம், கரண்ட் போனா என்ன பண்றது? இன்னொண்ணு, வீட்டுக்காரருக்குப் பழசுன்னு தெரிஞ்சா சோறு இறங்காது. எங்கம்மாவும் போன்ல 'பிள்ளைங்களுக்குப் பழசைக் குடுக்காதடி'ங்குறாங்க. நிஜமாவே உடம்புக்குக் கெடுதலா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

திருச்சி அக்கா:

தங்கச்சி, உன் பையன் தூங்கிப்போனதைப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. நான் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. அதுல பாதிக்கு மேல நைட் டூட்டி. சாயந்திரம் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும், அதுக்குள்ள ரெண்டு பையனுக்கும் அவருக்கும் ராத்திரிச் சாப்பாடு இருக்கணும். நீ கொட்டின அதே குருமாவை நானும் கொட்டியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. ஃப்ரீசருக்குள்ள குழம்பை வைக்காத, குழம்புல கஷ்டமான பாதியை வை. ராத்திரி எட்டு மணிக்கு நம்மள எது சாய்க்குது? வெங்காயம் உரிக்கிறது, தக்காளி சுருள வதக்குறது, கொண்டைக்கடலை ஊறலையேன்னு முழிக்கிறது, புளி கரைக்கிறது. இதெல்லாம் ஃப்ரீசர்ல அருமையா இருக்கும். சாப்பாட்டுக்குப் புது மணம் குடுக்குறது எது? தாளிப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, அப்ப அரைச்சு விடுற தேங்காய். அதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை, அதை ராத்திரியே பண்ணு. உன் வீட்டுக்காரர் பழசுன்னு கண்டுபிடிக்கிறது மூக்காலதான். எண்ணெயில கடுகும் கறிவேப்பிலையும் அப்பதான் பொரிஞ்சிருந்தா அது அவருக்கும் புதுக்குழம்புதான். அவருக்குத் தெரியாம வைன்னு சொல்லல, சொல்லிட்டே போடு.

முதல்ல வெங்காயத் தக்காளித் தொக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை காந்தி மார்க்கெட்ல ஒன்றரைக் கிலோ வெங்காயம், ஒன்றரைக் கிலோ நாட்டுத் தக்காளி வாங்குவேன். இஞ்சியும் பூண்டும் நூறு நூறு கிராம். அடி கனமான சட்டியில 200 மில்லி கடலெண்ணெய் ஊத்தி, வெங்காயம் நல்லா சிவந்து சுருங்குற வரைக்கும் வதக்கணும். இதுல அவசரப்படாத, இருபத்தஞ்சு நிமிஷமாவது ஆகும். அப்புறம் இஞ்சி பூண்டு, அப்புறம் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. மிளகாத்தூள், மல்லித்தூள் எதுவும் வேண்டாம், அதை அன்னன்னைக்குக் குழம்புக்குத் தக்கபடி போட்டுக்கலாம். கரண்டியை இழுத்தா சட்டி அடி தெரியணும், ஓரத்துல எண்ணெய் பிரியணும். மொத்தமா ஒன்றே முக்கால் கிலோ வரைக்கும் வரும், 200 கிராம் வீதம் எட்டுப் பொட்டலம். ஒரு பொட்டலம் நாலு பேருக்கு ஒரு வேளை. அதுல முட்டைக் குழம்பு, கொண்டைக்கடலைக் கறி, கோழி, பட்டாணி எது வேணும்னாலும் வைக்கலாம்.

அடுத்தது வேக வச்ச கடலை. அரைக் கிலோ கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப் போட்டுக் காலையில உப்புப் போட்டு வேக வச்சா ஒரு கிலோவுக்கு மேல வரும். தண்ணியை வடிச்சுத் தாம்பாளத்துல பரப்பி, ஈரம் காய்ஞ்சதும் நாலு கவர்ல போடு. ராஜ்மா, மொச்சை, தட்டப்பயறு எல்லாம் இப்படித்தான். துவரம்பருப்பையும் குழைய வேக வச்சுப் பொட்டலம் போடலாம். புளி 250 கிராமை வெந்நீர்ல ஊற வச்சுக் கெட்டியாக் கரைச்சு ஒரு கொதி விட்டு, ஆறினதும் ஐஸ் ட்ரேயில ஊத்திடு. என் ட்ரே கணக்குக்கு மூணு கட்டி போட்டா ஒரு எலுமிச்சை அளவு புளி. ஒரு பருப்புப் பொட்டலம், மூணு புளிக்கட்டி, அன்னைக்கு வாங்கின வெண்டைக்காய் இருந்தா இருபது நிமிஷத்துல சாம்பார். பக்கத்து அடுப்புல குக்கர்ல சோறும் அதே நேரத்துல ஆயிடும்.

எங்க வீட்டுல பிள்ளைங்க கேட்டு வாங்கிச் சாப்பிட்டது பருப்பு உருண்டை. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் கால் கால் கிலோ, ரெண்டு மணி நேரம் ஊறினாப் போதும். காஞ்ச மிளகாய், சோம்பு, உப்பு வச்சுத் தண்ணி விடாம கொரகொரன்னு அரைச்சு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டுப் பிசைஞ்சு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டு. இட்லித் தட்டுல பன்னெண்டு நிமிஷம் ஆவி. நாப்பத்தஞ்சு உருண்டைக்குக் குறையாம வரும். ஆறினதும் தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி ஃப்ரீசர்ல வச்சு, கல்லு மாதிரி ஆனப்புறம் கவர்ல கொட்டிடு. அப்பதான் வேணுங்குறதை எண்ணி எடுக்க முடியும். கொதிக்கிற குழம்புல அப்படியே போடலாம், உருக்கவே வேண்டாம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டாம நாலு நாலாப் போடு, கொதி அடங்கிடாம இருக்கும். உதிர்த்து வதக்கினா உசிலி. என் சின்னவன் பத்தாவது படிக்கும்போது ராத்திரி பதினோரு மணிக்குப் படிச்சு முடிச்சிட்டு, நாலு உருண்டையை இட்லிப் பானையில வச்சு எடுத்து நெய் தொட்டுத் தின்னுட்டுப் படுப்பான்.

முழுசாச் சமைச்சு வைக்கிறதுன்னா கோழி, ஆட்டுக்கறி வைக்கலாம். ஆனா தேங்காயும் உருளைக்கிழங்கும் இல்லாம. ரெண்டு மாசம் வரைக்கும் ருசி குறையாது, நான் ஒரு மாசத்துலயே எடுத்துடுவேன். சப்பாத்தியை ரெண்டு பக்கமும் லேசா வெள்ளை மாறுற அளவுக்குச் சுட்டு, நடுவுல பட்டர் பேப்பர் வச்சு அடுக்கலாம். வைக்கவே கூடாததுன்னா உருளைக்கிழங்குத் துண்டு, வெந்த முட்டை, தயிர் மோர் சேர்ந்தது, சுரைக்காய் பூசணி மாதிரித் தண்ணிக்காய். காய்க்குள்ள இருக்கிற தண்ணி உறையும்போது ஊசி ஊசியா நின்னு உள்ளுக்குள்ள கிழிச்சிடும், உருகினா அந்தத் தண்ணி வெளியில வந்துடும். உன் உருளைக்கிழங்கு பஞ்சானது அதனாலதான். ரசத்துக்கு ஃப்ரீசர் எதுக்கு, அது பத்து நிமிஷ வேலை.

டப்பாவுல வைக்காத. கெட்டி ஜிப் கவர்ல போட்டுக் காத்தை அழுத்தி வெளியேத்தி, ஒரு விரல் கனத்துக்குத் தட்டையா ஒரு தட்டுல படுக்க வச்சு உறைய விடு. உறைஞ்சப்புறம் பிள்ளைங்க நோட்டை அலமாரியில அடுக்குற மாதிரி நிக்க வச்சிடலாம். சட்டியில போட்டு நாலு கரண்டி வெந்நீர் தெளிச்சா அஞ்சு நிமிஷத்துல இளகிடும். மேல தேதி எழுதி ஒட்டு. உறைஞ்சப்புறம் பருப்பு எது தொக்கு எதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம், எழுதலன்னா ஒருநாள் மாத்தி எடுத்துடுவ.

இப்ப உங்கம்மா சொன்னதுக்கு வர்றேன். அவங்க பயம் தப்பில்ல. ஆனா கெடுதல் வர்றது ஃப்ரீசர்ல வச்ச நாளால இல்ல, அதுக்கு முன்னாடி வெளியில வச்ச நேரத்தால. மைனஸ் 18 டிகிரியில கிருமி வளராது. சாகவும் சாகாது, அப்படியே கிடக்கும். அடுப்புலேர்ந்து இறக்கின சமையலை மத்தியானம் வரைக்கும் மேடையில விட்டுட்டு அப்புறம் உள்ள வச்சா, வளர்ந்த கிருமியோடதான் உள்ள போகுது. சமைச்சது ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். நம்ம ஊர் கோடையில, 32 டிகிரிக்கு மேல இருக்கிற நாள்ல, ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதுக்காகக் கொதிக்கக் கொதிக்க வைக்காத. அகலத் தாம்பாளத்துல கொட்டிப் பரப்பு, இல்லன்னா சட்டியோட தண்ணித் தொட்டியில இறக்கி ஃபேனைப் போட்டுக் கிளறு, அரை மணியில ஆறிடும். சோத்துலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். அரிசியில இருக்கிற ஒரு கிருமியோட வித்து வேக வச்சாலும் சாகாது. வெளியிலயே கிடந்தா அது பெருகி விஷத்தை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துக்கிட்டு வந்த பிள்ளைங்களை வார்டுல நிறையப் பாத்திருக்கேன். எங்க வீட்டுல சோறு மட்டும் அன்னன்னைக்கு வடிச்சதுதான்.

கறி வகையை உருக்கணும்னா முந்தின நாள் ராத்திரியே கீழ ஃப்ரிட்ஜுக்கு மாத்திடு. மேடையில வச்சு உருக்காத. எதை எடுத்தாலும் நடுவுல குமிழ் விட்டுக் கொதிக்கிற வரைக்கும் சூடு பண்ணு. மீந்ததைத் திரும்ப ஃப்ரீசருக்குள்ள தள்ளாத.

---

மதுரை ஃப்ரிட்ஜ் சர்வீஸ்:

சமையல் பத்தி அக்கா சொல்லிட்டாங்க. நான் மெஷினைப் பத்தி மட்டும் சொல்றேன், 18 வருஷமா இந்த வேலைதான்.

சகோதரி, ஃப்ராஸ்ட் ஃப்ரீயில உள்ளுக்குள்ள ஃபேன் ஓடுது. பின்பக்கம் குளிர்காத்து வர்ற துளை இருக்கும், அதை ஒட்டி எதையும் அடைக்காதீங்க. அடைச்சா மேல ஐஸ் இருக்கும், கீழ ஃப்ரிட்ஜ்ல பால் திரியும். நான் போற சர்வீஸ் கால்ல பாதி இந்தப் பிரச்சனைதான், மெஷின்ல ஒண்ணும் இருக்காது. ஒரே நாள்ல ஆறேழு கிலோவை உள்ள தள்ளாதீங்க. ரெண்டு கிலோ உறைஞ்சப்புறம் அடுத்தது. கதவு ரப்பரை ஒரு தடவை பாருங்க. ஒரு பேப்பரை வச்சுக் கதவை மூடி இழுங்க, சுலபமா வந்துட்டா ரப்பர் தளர்ந்து போச்சு.

சிங்கிள் டோர் வச்சிருக்கிறவங்க கவனிக்கணும். உள்ளேயே இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி மைனஸ் 18-ல நிலையா நிக்கும்னு நம்ப முடியாது. அதுல ஒரு வாரத்துக்கு மேல வைக்காம இருக்கிறது நல்லது.

கரண்ட் போனா கதவைத் திறக்காதீங்க. ஃப்ரீசர் நிறைய இருந்தா 48 மணி நேரம், பாதி இருந்தா 24 மணி நேரம் குளிர் நிக்கும். கீழ ஃப்ரிட்ஜுக்கு நாலு மணி நேரம்தான். நீங்க ஊருக்குப் போனப்போ கரண்ட் போய் வந்துச்சான்னு தெரியணும்னா, ஒரு டம்ளர்ல தண்ணியை உறைய வச்சு அது மேல ஒரு ரூபா காசை வச்சுட்டுப் போங்க. வந்து பாக்கும்போது காசு அடியில கிடந்தா எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, யோசிக்காமக் கொட்டிடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல உங்க சென்னையில எங்க தங்கச்சி வீட்டுக்கு நாள்கணக்கா கரண்ட் இல்ல. வந்ததும் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு உள்ள இருந்த கறியை எடுக்கப் பார்த்தாங்க, நான் போன்லயே தடுத்தேன்.

---

ஸ்காபரோ தங்கச்சி:

அக்கா, நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். சொந்த இடம் யாழ்ப்பாணம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறதால எங்கட பேஸ்மெண்டில ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கு. திருச்சி அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் சொதியை அப்பிடித்தான் செய்யிறனான். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டு அவிச்சதை மட்டும் உறைய வைப்பன். பிறகு சூடாக்கேக்க தேங்காய்ப்பால் விட்டு, இறக்கின பிறகு தேசிக்காய் (எலுமிச்சை) புளி. பால் விட்டாப் பிறகு உறைய விடாதேங்கோ, திரைஞ்சு போகும்.

இடியப்பம் நல்லா நிக்கும். அவிச்சு நல்லா ஆறவிட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில பேப்பர் வைச்சுப் பெட்டியில வையுங்கோ. உருக விடாமல் அப்பிடியே நீத்துப்பெட்டியிலயோ இட்லிச் சட்டியிலயோ அஞ்சாறு நிமிசம் ஆவியில வைச்சால் புதுசு மாதிரி. மைக்ரோவேவில வைச்சால் விளிம்பு காய்ஞ்சு முறியும், எனக்கு அது பிடிக்கிறேல்ல. பிட்டும் ஆவியிலதான் வைக்கவேணும். துருவின தேங்காயும் உறைய வைக்கலாம், இஞ்ச நாங்கள் கடையில வாங்கிறதே அப்பிடித்தான்.

---

காரைக்குடி ஆச்சி:

கண்ணு, எல்லாத்தையும் ஃப்ரீசர்லயே அடைக்கணும்னு இல்ல. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் தாராளமா விட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சுண்ட வச்சா கீழ ஃப்ரிட்ஜ்லயே வாரக்கணக்கா இருக்கும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. வடிச்ச சோத்துல பிசைஞ்சு ஒரு அப்பளத்தைச் சுட்டா முடிஞ்சது. பருப்புப்பொடி ஒரு டப்பா, வத்தல் ஒரு டப்பா எப்பவும் இருக்கட்டும். வாரத்துல ஒரு ராத்திரியாவது அதுல கழிஞ்சா அந்தச் சின்னப் பெட்டியில இடம் மிஞ்சும்.

பழசு பழசுன்னு நாங்க சொல்றது, எங்க காலத்துல ஃப்ரிட்ஜ் இல்லாம உறியில தொங்கவிட்டதையும் மேடையில கிடந்ததையும். என் மருமகளும் வேலைக்குப் போறவதான். மொதல்ல நானும் முகம் சுளிச்சேன், ரெண்டு வருஷமா அவ வைக்கிற பொட்டலத்துலதான் நானும் சாப்பிடுறேன். எனக்கு ஒண்ணும் பண்ணல. உன் அம்மாகிட்ட இந்த ஆச்சி சொன்னதாச் சொல்லு.

---

அம்பத்தூர் அம்மா:

அக்கா, அண்ணா, தங்கச்சி, ஆச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு ஞாயித்துக்கிழமை முடிச்சிட்டு வந்து எழுதுறேன்.

முதல் வாரம் தொக்கும் கொண்டைக்கடலையும் மட்டும். வெங்காயம் அவர் உரிச்சார், நான் வதக்கினேன், ஏழு மணிக்கு ஆரம்பிச்சுப் பத்துக்கு அடுப்படியைக் கழுவிட்டேன். ஒரு கவரோட ஜிப்பை நான் சரியா அழுத்தல, எண்ணெய் ஒழுகி ஐஸ் ட்ரே எல்லாம் மஞ்சளாப் போச்சு. இப்ப ஒவ்வொண்ணையும் ஒரு தடவை கவிழ்த்துப் பாத்துட்டுத்தான் வைக்கிறேன்.

ரெண்டாவது வாரம் பருப்பு உருண்டை பண்ணினேன், நாப்பத்தெட்டு வந்துச்சு. அந்த வாரம் அவருக்கு ராத்திரி ஷிப்ட், கம்பெனி பஸ் ஒன்பதேகாலுக்குத்தான். வியாழக்கிழமை நான் ட்ரெயின்ல இருக்கும்போதே போன் பண்ணி, 'உருண்டைன்னு எழுதியிருக்கியே, எத்தனை போடணும், புளிக்கட்டி எத்தனை'ன்னு கேட்டார். எட்டு மணிக்கு வீட்டுக்குள்ள நுழைஞ்சா குழம்பு கொதிச்சு இறக்கியிருக்கு, சின்னவன் சாப்பிட்டு முடிச்சு கை கழுவிக்கிட்டு இருக்கான். பழசுன்னு ஒரு வார்த்தை வரல. அவரே தாளிச்சதாச்சே. கடுகு கொஞ்சம் கருகியிருந்துச்சு, எனக்கு அது தெரியவே இல்ல, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இட்லியை ஃப்ரீசர்ல வைக்கலாமா, இல்ல மாவாவே வச்சிடலாமா? காலையில அரை மணி நேரம் மிச்சமானா பெரியவளுக்குத் தலை பின்னிவிடலாம்.

---

திருச்சி அக்கா:

மாவு வேண்டாம் தங்கச்சி, அது கீழயே நாலஞ்சு நாள் இருக்கும். நான் உறைய வச்சுப் பாத்தப்போ இட்லி சரியா எழும்பல. இட்லியாவே வை. வெந்ததும் முழுசா ஆறவிட்டு, உருண்டையை வச்ச மாதிரியே தட்டுல அடுக்கி உறைய வச்சு, அப்புறம் கவர். காலையில தண்ணி கொதிச்சதும் தட்டுல வச்சு மூடினா ஏழெட்டு நிமிஷம். ஒண்ணைப் பிட்டுப் பாரு, நடுவுல சில்லுனு இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷம் விடு. சட்னி அரைக்கத் தேங்காயை முந்தின நாளே துருவிக் கீழ எடுத்து வச்சுக்கோ.

அவர் அடுத்த தடவை தாளிக்கும்போது எண்ணெய் காய்ஞ்சதும் தீயைக் குறைச்சிட்டுக் கடுகு போடச் சொல்லு, கருகாது.